குழந்தையை இழந்த பெற்றோர் பற்றிய நான்கு படங்கள்: எதை, யார், எப்போது பார்ப்பது?

"ஆன்டிகிறைஸ்ட் பார்க்கலாமா?" என்று என்னிடம் கேட்பவர்கள் இரண்டு வகை. சிலர் உலக சினிமா பார்க்க ஆரம்பித்திருப்பார்கள். யாரோ ஒருவர் "தைரியம் இருந்தால் இதைப் பார்" என்று உசுப்பிவிட்டிருப்பார். இன்னும் சிலர், வீட்டிலோ நெருங்கிய உறவிலோ ஒரு குழந்தை போன பிறகு அந்தத் துக்கத்தைப் பேசும் படம் ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருப்பார்கள். "மகனை இழந்த தம்பதியின் கதை" என்ற ஒரு வரி அறிமுகம் கண்ணில் பட்டிருக்கும். இந்த இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த ஒப்பீடு.

எழுத இன்னொரு காரணமும் உண்டு. பல வருஷங்களுக்கு முன் நண்பர்கள் ஐந்து பேர் ஓர் அறையில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தோம். போட்டது நான்தான். எங்களில் ஒருவர் அதற்கு முந்தைய வருஷம்தான் மூன்று வயது மகளைப் பறிகொடுத்திருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், படம் எப்படி ஆரம்பிக்கிறது என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரிய இயக்குநர், பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் விருது வாங்கிய நடிப்பு என்று மட்டும்தான் சொன்னேன். முதல் சில நிமிடங்கள் முடிந்ததும் அவர் எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். பின்னாலேயே போனேன். "அந்த நேரத்துல நான் என்ன செஞ்சிட்டிருந்தேன் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்ல வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து இந்த வகைப் படம் எதைப் பார்த்தாலும் அந்தக் கேள்வி காதில் விழுகிறது. இங்கே நான் எடுத்துக்கொண்ட நான்கு படங்களும் அதைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. பிள்ளை போன அந்த நிமிடத்தில் பெற்றவர்கள் வேறு எதையோ செய்துகொண்டிருந்தார்கள். 'ஆன்டிகிறைஸ்ட்'டில் கணவனும் மனைவியும் உடலுறவில் இருந்தார்கள். 'டோன்ட் லுக் நவ்'வில் ஞாயிறு மதியம், கணப்பு எரியும் அறையில் அப்பா வேலை பார்த்துக்கொண்டிருந்தார், அம்மா புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தாள். 'தி சன்ஸ் ரூம்' படத்து அப்பா மகனோடு ஓடப் போவதாக இருந்ததை விட்டுவிட்டு நோயாளி ஒருவரைப் பார்க்கப் போனார். 'மான்செஸ்டர் பை தி சீ'யில் அப்பா பீர் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நான்கு இயக்குநர்களும் இதற்கு நான்கு விதமாகப் பதில் சொல்கிறார்கள். அதில் எந்தப் பதிலை இன்றைக்கு உங்களால் தாங்க முடியும் என்பதை வைத்துத்தான் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. விருதுப் பட்டியலை வைத்து இதில் முடிவெடுக்க முடியாது.

கதையில் நடப்பதை மறைக்காமல்தான் எழுதியிருக்கிறேன். திருப்பம் கெட்டுப்போகும் என்று மூடி வைத்ததால்தான் அன்றைக்கு என் நண்பர் படியில் உட்கார நேர்ந்தது. 'டோன்ட் லுக் நவ்' முடிவை மட்டும் சொல்லவில்லை.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, பிள்ளையின் சாவு திரையில் காட்டப்படுகிறதா, எவ்வளவு நேரம், எந்த இடத்தில். இரத்தக்காட்சியைப் பற்றி எச்சரிப்பவர்கள் இதைச் சொல்வதில்லை. இழப்பை நேரில் கண்டவர்களுக்கு இரத்தத்தைவிட ஒரு சின்னச் செருப்பு கீழே கிடப்பதைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

இரண்டாவது, குற்ற உணர்ச்சியைப் படம் என்ன செய்கிறது. தண்டிக்கிறதா, தட்டிக்கொடுக்கிறதா, அப்படியே விட்டுவிடுகிறதா. எனக்கு எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

மூன்றாவது, கணவன் மனைவி. ஒரே சாவுக்கு இரண்டு பேரும் ஒரே மாதிரி அழுவதில்லை. அந்த வித்தியாசத்தைப் படம் எப்படிப் பார்க்கிறது?

நான்காவது, வெளியே தெரியாத செலவு. படம் முடிந்த பிறகு தூக்கத்தில், பேச்சில், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவரோடு உள்ள உறவில் என்ன நடக்கும் என்பது.

ஒளிப்பதிவு, நடிப்பு எல்லாம் நான்கிலுமே உயர்தரம். அதை வைத்து ஒன்றை ஒதுக்க முடியாது.

## ஆன்டிகிறைஸ்ட் (2009)

டென்மார்க் இயக்குநர் லார்ஸ் வான் டிரையர் கடுமையான மனச்சோர்வில் விழுந்து எழுந்து, இனி தன்னால் படம் எடுக்க முடியுமா என்று சோதித்துப் பார்ப்பதுபோல எடுத்த படம். இதற்குப் பின்னால் வந்த இரண்டு படங்களையும் சேர்த்து 'மனச்சோர்வு முப்படம்' என்பார்கள். திரையில் முகம் தெரிபவர்கள் பெரும்பாலும் இரண்டே பேர்: வில்லம் டஃபோ, சார்லட் கேன்ஸ்பூர். பாத்திரங்களுக்குப் பெயர்கூடக் கிடையாது, அவன், அவள். பெயர் இருப்பது செத்துப்போகும் குழந்தைக்கு மட்டும்தான்.

முன்னுரை கறுப்பு வெள்ளையில், மிக மிக மெதுவான அசைவில் வருகிறது. ஹேண்டலின் இசைநாடகப் பாட்டு ஒன்று ஒலிக்கிறது. வேறு சத்தமே இல்லை. வெளியே பனி கொட்டுகிறது. சலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கணவனும் மனைவியும் கூடிக்கொண்டிருக்கிறார்கள். உடலுறவு மறைக்காமலே காட்டப்படுகிறது. குழந்தை தொட்டிலிலிருந்து இறங்கி வருகிறது, நாற்காலியை இழுத்துப் போட்டு மேசையில் ஏறுகிறது, திறந்திருக்கும் ஜன்னல் வழியாகப் பொம்மையோடு கீழே விழுகிறது. இதை இவ்வளவு அழகாக எடுத்திருப்பதுதான் தாங்க முடியாதது. விளம்பரப் படம் போன்ற நேர்த்தியில் ஒரு குழந்தையின் சாவு. என் நண்பர் எழுந்து போனது இந்த இடத்தில்தான்.

அப்புறம் வருவது துக்கம், வலி, விரக்தி என்று பெயரிட்ட அத்தியாயங்கள். சவ ஊர்திக்குப் பின்னால் நடக்கும்போது அழுவது அவன். அவள் கண்ணில் நீர் இல்லாமல் நடந்து வந்து மயங்கி விழுகிறாள். ஒரு மாதம் மருத்துவமனை. அவளுடைய துக்கம் வழக்கத்துக்கு மாறானது என்கிறார் மருத்துவர். கணவன் ஒரு மனநல சிகிச்சையாளன். மாத்திரையை நிறுத்திவிட்டு, மனைவிக்குத் தானே சிகிச்சை தருவது என்று முடிவெடுக்கிறான். பயங்களை அடுக்கி முக்கோணம் வரைகிறான், மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறான், அவள் எதற்கு அதிகம் பயப்படுகிறாளோ அங்கேயே கூட்டிப் போகிறான்: காட்டுக்குள் 'ஏதேன்' என்று பெயர் வைத்திருக்கும் அவர்களுடைய மரவீடு.

என்னைப் பொறுத்தவரை படத்தின் உண்மையான பயங்கரம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. பின்னால் வரும் கொடூரத்துக்கு முன்பே, ரொம்ப சாந்தமான குரலில் அது நடந்துவிடுகிறது. மகனை இழந்த ஒருவன், தன் துக்கத்தைத் தொடாமல் இருப்பதற்காக மனைவியின் துக்கத்தை ஒரு கேஸாக மாற்றிக்கொள்கிறான். அவள் அழுதால் விளக்கம் சொல்கிறான். கோபப்பட்டால் அதற்கும் விளக்கம். 'நீ இப்போது இந்தக் கட்டத்தில் இருக்கிறாய்' என்ற தொனி. துக்க வீட்டில் இப்படி ஒருவரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். டஃபோ இந்த மனிதரைக் கெட்டவராக ஆக்காமல் நடித்திருப்பது பெரிய விஷயம். கேன்ஸ்பூருக்கு அந்த வருஷம் கானில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

பிறகு படம் வேறு எங்கோ போகிறது. ஓலமிடும் ஓக் கொட்டைகள் கூரையில் விழுகின்றன, நரி வாய் திறந்து பேசுகிறது. அவள் முந்தைய கோடையில் மகனோடு இங்கே தங்கி, வரலாற்றில் பெண்கள் கொல்லப்பட்டது பற்றி ஆய்வு எழுதிக்கொண்டிருந்தாள். அந்த ஆய்வு அவளை என்ன செய்தது என்பது மெதுவாகத் தெரிகிறது. அப்போது எடுத்த புகைப்படங்களில் குழந்தையின் காலணிகள் இடம் வலம் மாறி மாட்டப்பட்டிருக்கின்றன. கடைசி அரை மணி நேரத்தில் இருவரின் உடலும், பிறப்புறுப்புகள் உட்பட, சிதைக்கப்படுவது நேரடியாகக் காட்டப்படுகிறது. இதற்கு மேல் விவரிக்க விரும்பவில்லை. 'கொஞ்சம் வன்முறை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கானில் பாதி அரங்கம் கொதித்தது. மதம் சார்ந்த நடுவர் குழு ஒன்று, பெண்வெறுப்புக்காக இதற்கு ஓர் 'எதிர்-விருது' கொடுத்தது. படத்தின் முடிவில் வரும் பெயர்ப்பட்டியலிலேயே பெண்வெறுப்பு பற்றி ஆராய்ந்து தந்தவருக்கு நன்றி இருக்கிறது; ஆகவே இயக்குநர் தெரியாமல் அங்கே போய் விழவில்லை. அதே வருஷம் நார்டிக் கவுன்சில் பட விருதும் வாங்கியது.

சரி, 'அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தாய்' என்ற கேள்விக்கு இந்தப் படத்தின் பதில் என்ன? தண்டனை. குழந்தை விழுந்தபோது அவள் அதைப் பார்த்தாளோ என்ற சந்தேகத்தைப் பின்னால் ஒரு காட்சி விதைக்கிறது. உண்மையில் பார்த்தாளா, குற்ற உணர்ச்சி அவளுக்கு அப்படி ஒரு நினைவைக் கட்டிக் கொடுத்ததா என்பதைப் படம் சொல்வதில்லை. பெண்ணின் இன்பமே பிள்ளையின் சாவுக்குக் காரணம் என்று அவளே நம்ப ஆரம்பிக்கிறாள், அந்த நம்பிக்கைக்குத் தன் உடலையே பலி கொடுக்கிறாள். இதை ஒரு கலைப்படைப்பாக நான் மதிக்கிறேன். தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டு தூங்காமல் கிடக்கும் ஒரு தாயிடம் இதை ஒருபோதும் நீட்ட மாட்டேன்.

வெளியே தெரியாத செலவு: சில படிமங்கள் போகாது. எனக்கு ஜன்னல் அருகே குழந்தை நிற்பது வருஷக்கணக்கில் போகவில்லை. தம்பதியாகப் பார்த்தால் படத்தின் சண்டை வீட்டுக்குள் வந்துவிடும். 'நீயும் இப்படித்தான் என்னிடம் பேசினாய்' என்று ஒருவர் சொல்ல நேரலாம். அப்புறம், வெட்டப்பட்ட பிரதியும் சுற்றுகிறது. கொடூரக் காட்சிகளை எடுத்துவிட்ட அந்தப் பிரதி பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். துக்கமுள்ளவரைத் தாக்கும் முன்னுரை அதிலும் இருக்கிறது.

யாருக்கு: சினிமா மொழியைப் படிப்பவர்களுக்கு, மனச்சோர்வின் உள்ளே உலகம் எப்படித் தெரியும் என்று அறிய விரும்புபவர்களுக்கு, ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் படங்களில் ஊறியவர்களுக்கு (படம் அவருக்குத்தான் காணிக்கை). தனியாக, பகலில், மறுநாள் வேலை இல்லாதபோது.

## டோன்ட் லுக் நவ் (1973)

டாஃப்னி டு மோரியே எழுதிய சிறுகதையை வைத்து நிக்கோலஸ் ரோக் எடுத்தது. இங்கிலாந்து கிராமத்து வீடு. சிவப்பு மழைக்கோட்டு போட்ட சிறுமி குளத்தோரம் விளையாடுகிறாள். உள்ளே அப்பா ஜான் ஒரு தேவாலயத்தின் ஸ்லைடு படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு ஸ்லைடின் மேல் தண்ணீர் கொட்டி, சிவப்புக் கறை ஒன்று பரவுகிறது. யாரும் கூப்பிடாமலே அவர் எழுந்து ஓடுகிறார். மகளைத் தண்ணீரிலிருந்து தூக்கும்போது டொனால்ட் சதர்லாந்து எழுப்பும் சத்தத்தை அழுகை என்றும் சொல்ல முடியாது, அலறல் என்றும் சொல்ல முடியாது. முதல் பத்து நிமிடத்துக்குள் இது நடந்துவிடும். ஆன்டிகிறைஸ்ட்டின் முன்னுரையைவிட இது கொடுமையாக இருக்கிறது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், நானும் ஒப்புக்கொள்வேன். அங்கே சாவு ஓர் ஓவியம்போல நடக்கிறது. இங்கே அப்பாவின் கைகளில் கனக்கிறது.

பிறகு கதை குளிர்கால வெனிஸுக்குப் போகிறது. ஜான் ஒரு பழைய தேவாலயத்தைப் புதுப்பிக்கிறார். மனைவி லாரா (ஜூலி கிறிஸ்டி) உணவகத்தில் இரண்டு வயதான சகோதரிகளைச் சந்திக்கிறாள். அவர்களில் பார்வையில்லாதவள், உன் மகள் உங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்தேன் என்கிறாள். லாரா மயங்கி விழுகிறாள்; எழுந்தபோது பல மாதங்களில் முதன்முறையாக லேசாகிவிட்டிருக்கிறாள். ஜானுக்கு இதெல்லாம் ஏமாற்று. ஆனால் மற்றவர்களுக்குத் தெரியாததைக் காணும் அந்தப் பார்வை அவருக்குள்ளும் இருக்கிறது. அதை அவர் ஏற்க மறுக்கிறார். நகரத்தில் கொலைகள் நடந்துகொண்டிருக்கின்றன, கால்வாயோரம் சிவப்புக் கோட்டு போட்ட சிறு உருவம் ஒன்று ஓடுகிறது.

இதில் உடலுறவுக் காட்சி ஒன்று புகழ்பெற்றது. கூடுவதையும், அதற்குப் பின் இருவரும் வெளியே கிளம்ப உடை உடுத்துவதையும் ரோக் மாற்றி மாற்றி வெட்டிச் சேர்த்திருக்கிறார். மகள் போன பிறகு அவர்கள் முதன்முறை நெருங்குகிறார்கள் என்று நமக்குப் புரிகிறது. ஆன்டிகிறைஸ்ட்டோடு ஒப்பிட வேண்டிய இடம் இதுதான். அங்கே உடல் சேர்க்கை சாவுக்குக் காரணமாகிறது. இங்கே சாவுக்குப் பிறகு இரண்டு பேர் ஒருவரையொருவர் திரும்பக் கண்டுபிடிக்க அதுவே வழியாகிறது. துக்கத்தில் இருக்கும் தம்பதியின் அந்தரங்கத்தை இவ்வளவு மரியாதையோடு காட்டிய காட்சி வேறு எனக்கு நினைவில்லை.

'அந்த நேரத்தில் என்ன செய்தாய்' என்பதற்கு ரோக்கின் பதில்: முன்கூட்டித் தெரிந்தது, ஆனாலும் தடுக்க முடியவில்லை.

இங்கே செலவு வேறு ரகம். செத்த குழந்தையிடமிருந்து சேதி வரும் என்ற ஆசையைப் படம் கிளறிவிடும். குறி கேட்கப் போகலாமா என்று ஏற்கெனவே மனசு அலைபாயும் வீட்டில் இந்தப் படம் எண்ணெய் ஊற்றும். பிள்ளையின் குரலை ஒருமுறை கேட்டால் போதும் என்று ஏங்குபவரை யாரும் குறை சொல்ல முடியாது. அந்த ஏக்கத்தை வைத்து ஒரு திகில் கதையை நடத்திப் போவது, பார்ப்பவரின் காயத்தைப் பொறுத்து, கலையாகவும் படலாம் கொடுமையாகவும் படலாம். கடைசிக் காட்சியில் இரத்தம் உண்டு, அதிர்ச்சி உண்டு.

யாருக்கு: ஆன்டிகிறைஸ்ட்டின் புகழைக் கேட்டு 'துக்கமும் திகிலும் கலந்த ஒன்று' வேண்டும் என்று வருபவர்களுக்கு முதலில் நான் கொடுப்பது இதைத்தான். தண்ணீரில் பிள்ளையை இழந்தவர்கள் மட்டும் இதைத் தொடவே வேண்டாம்.

## தி சன்ஸ் ரூம் (2001)

இத்தாலியின் நன்னி மொரெட்டி இயக்கி, அப்பாவாகவும் நடித்த படம். கானில் தங்கப் பனை விருது பெற்றது. அன்கோனா என்ற துறைமுக நகரம். ஜியோவன்னி உளப்பகுப்பாய்வாளர். மனைவி பாவ்லா, மகள் இரேனே, மகன் ஆந்த்ரேயா. ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவும் மகனும் ஓடப் போவதாக இருக்கிறார்கள். மனம் உடைந்த ஒரு நோயாளி தொலைபேசியில் கூப்பிட, ஜியோவன்னி அவரைப் பார்க்கப் போகிறார். மகன் நண்பர்களோடு கடலுக்குள் மூழ்கு நீச்சலுக்குப் போகிறான், திரும்பி வரவில்லை. சாவு திரையில் இல்லை. காட்டுவது சவப்பெட்டியை மூடுவதைத்தான். உள்மூடியை ஊதுகுழல் தீயால் பற்றவைத்து ஒட்டுகிறார்கள், மேல்மூடிக்குத் திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்குகிறார்கள். அந்தச் சத்தம் மட்டும். கடைசியாக முகம் பார்த்துத் திரும்பிய எவருக்கும் அந்த நிமிடம் தெரியும்.

ஆன்டிகிறைஸ்ட் போலவே இங்கும் அப்பா மனசுக்கு வைத்தியம் பார்ப்பவர். இந்த ஒற்றுமைக்காகவே இரண்டையும் அடுத்தடுத்து யோசிக்கலாம். அங்கே அவன் தொழிலைக் கவசமாக மாட்டிக்கொள்கிறான். இங்கே ஜியோவன்னியால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எதிரே நோயாளிகள் பேசும்போது கவனம் சிதறுகிறது. அன்று கூப்பிட்ட அந்த நோயாளியைப் பார்த்தால் உள்ளே கசப்பு எழுகிறது. கடைசியில், உங்களுக்கு உதவ இப்போது என்னால் முடியாது என்று தொழிலை நிறுத்துகிறார். தன்னால் முடியாது என்று ஒப்புக்கொள்ளும் அந்த வைத்தியர்தான் எனக்கு அதிக நம்பிக்கை தருகிறார்.

'அந்த நேரத்தில் என்ன செய்தாய்' என்பதை இந்தப் படம்போல நேர்மையாக எதுவும் கேட்கவில்லை. ஜியோவன்னி அந்த ஞாயிற்றுக்கிழமையை மனசுக்குள் திரும்ப ஓட்டுகிறார். அந்த அழைப்பை மறுத்திருந்தால், மகனோடு ஓடியிருந்தால் என்று. மூழ்கு கருவியில் கோளாறு இருந்ததா என்று துருவித் துருவி விசாரிக்கிறார். பாதிரியார் பிரசங்கத்தில் சொன்ன வாக்கியத்தின் மேல் கோபப்படுகிறார். சமையலறையில் விரிசல் விட்ட, ஒட்டுப்போட்ட பாத்திரங்களை எடுத்து எடுத்து, இந்த வீட்டில் எல்லாமே உடைந்ததுதான் என்று கத்துகிறார். பாவ்லா படுக்கையில் கிடந்து உடல் முழுக்க அழுகிறாள். இரண்டு பேரின் அழுகையும் ஒன்றோடு ஒன்று சேராமல், வீட்டின் இரண்டு மூலைகளில் தனித்தனியாக இருக்கிறது. மகள் இரேனே அதற்கு நடுவில் பெரியவளாகிவிடுகிறாள். துக்க வீட்டில் மிச்சமிருக்கும் பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை என்பதை நான்கு படங்களில் இது ஒன்றுதான் உட்கார்ந்து பார்க்கிறது. இரேனே கூடைப்பந்து மைதானத்தில் சண்டையில் இறங்கும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அப்புறம் ஒரு கடிதம் வருகிறது. ஆந்த்ரேயாவை ஒரே ஒரு நாள் பழகிய ஒரு பெண், அவன் இறந்தது தெரியாமல் எழுதியது. பெற்றவர்களுக்குத் தெரியாத ஒரு மகன் அந்தக் கடிதத்தில் இருக்கிறான். அவள் ஒரு நண்பனோடு அவர்கள் வீட்டுக்கு வருகிறாள். அவர்களைக் கொஞ்ச தூரம் கொண்டுபோய் விடுவோம் என்று கிளம்பிய குடும்பம், இரவு முழுக்க ஓட்டி பிரான்ஸ் எல்லை வரை போய்விடுகிறது. விடிகாலையில் கடற்கரை. யாரும் எதையும் கடந்துவிட்டதாகச் சொல்வதில்லை. ஒரு ராத்திரி ஒரே காரில் இருந்தார்கள்.

செலவு இதிலும் இருக்கிறது. மென்மையான படம் என்று அலட்சியமாக உட்காரக் கூடாது. நான்கில் என்னை அதிகம் அழ வைத்தது இதுதான். நம் வீட்டுக் காலைச் சாப்பாடு போலவே இருக்கும் வீடு. ஒதுங்கிப் பார்க்க இடமே இல்லை. வான் டிரையர் படத்தில் பேசும் நரி வந்ததும், இது வேறு உலகம் என்று மனசு ஒரு வேலி போட்டுக்கொள்ளும். மொரெட்டி அந்த வேலியைத் தரமாட்டார். தீவிரமான கலைப்படம் தேடி வருபவர்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றவும் கூடும். அது அவர்கள் இழப்பு.

யாருக்கு: இழப்பு நேர்ந்து கொஞ்ச காலம் ஆன குடும்பங்களுக்கு. கணவன் மனைவி சேர்ந்து பார்க்கலாம். வளர்ந்த பிள்ளை இருந்தால் அவர்களையும் கூட வைத்துக்கொள்ளலாம்.

## மான்செஸ்டர் பை தி சீ (2016)

கென்னத் லோனர்கன் எழுதி இயக்கிய அமெரிக்கப் படம். கேஸி அஃப்லெக்குக்குச் சிறந்த நடிகர் ஆஸ்கரும், லோனர்கனுக்குத் திரைக்கதை ஆஸ்கரும் கிடைத்தன. கலைப்பட வட்டத்துக்குச் சற்று வெளியே நிற்கிறது, ஆனால் இந்தப் பட்டியலில் இல்லாமல் முடியாது.

லீ அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குழாய் அடைப்பு எடுக்கும் வேலை செய்பவர். அண்ணன் இறந்துபோக, சொந்த ஊருக்குத் திரும்பி, பதினாறு வயது அண்ணன் மகனுக்குப் பாதுகாவலராக நிற்க வேண்டியிருக்கிறது. அந்த ஊரில்தான் அவருடைய மூன்று குழந்தைகளும் வீட்டுத் தீயில் இறந்தார்கள். ராத்திரி குடித்திருந்தார், கணப்பில் விறகு போட்டுவிட்டு, தடுப்பை வைக்க மறந்து, கடைக்கு நடந்து போனார். காவல் நிலையத்தில் எல்லாவற்றையும் சொல்கிறார். அது குற்றமல்ல, வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். தண்டனை கிடைக்காததுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை. அடுத்த கணம் ஒரு காவலரின் துப்பாக்கியைப் பிடுங்கித் தன்னைச் சுட்டுக்கொள்ளப் பார்க்கிறார். இந்தக் காட்சியை முன்கூட்டிச் சொல்லாமல் யாருக்கும் இந்தப் படத்தைத் தரக் கூடாது.

லீயைப் பார்க்கும் முன்னாள் மனைவி (மிஷெல் வில்லியம்ஸ்) தெருவில் நின்று மன்னிப்புக் கேட்கிறாள். அவரால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. இதிலிருந்து மீள என்னால் முடியவில்லை என்று கடைசியில் அண்ணன் மகனிடம் சொல்லிவிடுகிறார். லோனர்கனின் பதில் அதுதான்: சிலருக்கு அந்தக் கேள்வி தீராது, தீராமலேயே அவர்கள் வேலைக்குப் போவார்கள், பையனைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார்கள். 'காலம் எல்லாவற்றையும் ஆற்றும்' என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவருக்கு இது பெரிய விடுதலை. சீக்கிரம் ஆற வேண்டும் என்று நம்பிக்கொண்டிருப்பவருக்கு இதே படம் கதவைச் சாத்திவிடும். நீளமும் அதிகம். இடையிடையே சிரிக்கவும் வைக்கும்.

## ஒரே பார்வையில்

| படம் | நீளம் | பிள்ளையின் சாவு | குற்ற உணர்ச்சி | எப்படிப் பார்ப்பது |
|---|---|---|---|---|
| ஆன்டிகிறைஸ்ட் | 108 நிமிடம் | முதல் காட்சியிலேயே, மெதுவாக, முழுதாக | தண்டிக்கப்படுகிறது | தனியாக, பகலில் |
| டோன்ட் லுக் நவ் | 110 நிமிடம் | ஆரம்பத்தில், நேரடியாக | விதியாகிறது | திகில் தாங்கும் நண்பரோடு |
| தி சன்ஸ் ரூம் | 99 நிமிடம் | காட்டப்படுவதில்லை. சவப்பெட்டி மூடுவது உண்டு | திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது | குடும்பத்தோடு |
| மான்செஸ்டர் பை தி சீ | 137 நிமிடம் | நடுவில், தீக்குப் பிந்தைய காட்சிகளாக | அப்படியே இருக்கிறது | நம்பிக்கையான ஒருவரோடு |

## உங்கள் நிலைமை எது?

இழப்பு நேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தால் நான்கையும் தள்ளி வையுங்கள். அந்த நேரத்துக்குப் படம் தேவையில்லை, ஆள்தான் தேவை. பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவரும் காபிக்கு இருக்கும் பலம் எந்தத் தங்கப் பனைக்கும் கிடையாது.

வருஷங்கள் ஓடிவிட்டன, ஆனால் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை என்றால் 'தி சன்ஸ் ரூம்'. பேச்சை ஆரம்பிக்க அதில் வரும் அந்தக் கடிதம் போதும்.

தவறு தன்மேல்தான் என்று ஒருவர் உறைந்துபோயிருந்தால் விஷயம் சிக்கலானது. லீயின் கதை அவருக்குத் துணையாகலாம், ஆபத்தாகவும் ஆகலாம். தற்கொலை எண்ணம் எட்டிப்பார்க்கிறது என்ற சந்தேகம் துளி இருந்தாலும் படத்தை மறந்துவிட்டு அவரை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

உங்களுக்கு நேரடி இழப்பு இல்லை, நண்பர்களோடு ஒரு கனமான படம் பார்க்க வேண்டும் என்றால் ரோக்கிடம் போங்கள். ஆன்டிகிறைஸ்ட் அதற்கு அடுத்த கட்டம். அதையும் பார்க்க முடிவெடுத்தால், கூட உட்காருபவர்கள் ஒவ்வொருவரிடமும் முதல் காட்சியில் என்ன நடக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். "கஷ்டமான படம்" என்று மட்டும் சொல்வது போதாது. "ஒரு குழந்தை ஜன்னலிலிருந்து விழும்" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டு யாராவது "நான் வரலை" என்றால், ஏன் என்று கேட்காதீர்கள்.

என் நண்பர் அந்தப் படத்தை இன்று வரை முழுதாகப் பார்க்கவில்லை. மொரெட்டியின் படத்தை ஏழெட்டு வருஷம் கழித்து அவரும் அவர் மனைவியும் சேர்ந்து பார்த்தார்கள். மறுநாள் போன் செய்தார். படத்தைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. திருகாணி முடுக்கும் இடத்தில் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டதாகவும், அப்புறம் இருவரும் வெகுநேரம் மகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார்.